தனியாக ஊர் பார்க்கப் போனால் சின்ன விஷயங்கள் ஏன் இப்படிப் படுத்துகின்றன?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நான்கு நாள் பயணமாக ஒரு பெருநகரத்துக்குத் தனியாகப் போனீர்கள். பர்ஸ் தொலையவில்லை, உடம்பு படுத்தவில்லை, யாரும் வம்பு செய்யவில்லை. ஆனால் முதல் நாள் ஆசையாகப் போன இடம் பூட்டியிருந்தது. இரண்டாம் நாள் சுரங்க ரயில் நிலையத்தில் தப்பான வாசல் வழியாக மேலே ஏறி அரை மணி நேரம் சுற்றினீர்கள். மூன்றாம் நாள் மதியம் முழுக்க வரிசையில் போனது, நடுவில் போனில் சார்ஜும் தீர்ந்தது. நான்காம் நாள் காலையில் அறையை விட்டுக் கிளம்பவே மனம் வரவில்லை. ‘இவ்வளவு அற்ப விஷயத்துக்கு அழுகை வருகிறதே, தனிப் பயணம் எனக்கு ஒத்துவராதா? அடுத்த மாதத்துக்குப் போட்ட டிக்கெட்டை ரத்து செய்துவிடட்டுமா?’ என்பது உங்கள் கேள்வி.

ரத்து செய்ய வேண்டாம். நானும் பல வருடங்களாகப் பெரிய நகரங்களைத் தனியாகத்தான் சுற்றிப் பார்க்கிறேன். இதே மூன்றாம் நாள் சோர்வு எனக்கும் ஆரம்பத்தில் தவறாமல் வந்தது. இப்போதும் சில சமயம் வருகிறது. ஆனால் எதனால் வருகிறது, வந்தால் என்ன செய்வது என்று தெரிந்துவிட்டதால் அது ஒரு நாளைக் கெடுப்பதில்லை.

இரண்டு பேர் சேர்ந்து போனால் வேலை தானாகவே பிரிந்துவிடும். ஒருவர் மேப்பைப் பார்த்தால் இன்னொருவர் ரோட்டைப் பார்ப்பார். ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் தண்ணீர் வாங்கி வருவார். கழிவறைக்குப் போகும்போது பையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். தனியாகப் போனால் இத்தனையும் ஒரே தலையில் விழுகிறது. எந்த வாசல், எந்த ரயில், இப்போதே சாப்பிடலாமா, இந்த ஆளை நம்பலாமா, பை ஜிப் மூடியிருக்கிறதா என்று மதியத்துக்குள் எத்தனையோ சின்னச் சின்ன முடிவுகளை எடுத்து முடித்திருப்பீர்கள். இன்னொன்றும் இருக்கிறது, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்: சொல்லி ஆற ஆளில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் இரண்டு பேர் நின்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிடுவார்கள், அது அங்கேயே ஒரு கதையாகிவிடும். தனியாக நிற்பவருக்கு அது கதையாகாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. அடுத்த எரிச்சல் வந்து அதன் மேல் உட்காருகிறது. நான்காவதாக நடப்பது வெறும் செருப்பு வார் அறுந்ததாகக்கூட இருக்கலாம். அழுகை நான்குக்கும் சேர்த்து வருகிறது. உங்களுக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியவை இரண்டுதான். களைத்திருக்கும் நேரத்தில் எடுக்க வேண்டிய முடிவுகளைக் குறைப்பது ஒன்று. அன்றைய எரிச்சலை அன்றைக்கே எங்காவது இறக்கி வைப்பது இன்னொன்று.

முதலில் உடம்பு. எரிச்சல் தலைக்கேறும்போது நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, ‘கடைசியாக எப்போது உட்கார்ந்தேன்?’ என்பதுதான். அடுத்தது, எப்போது தண்ணீர் குடித்தேன், எப்போது சாப்பிட்டேன். கூட யாராவது இருந்தால் ‘பசிக்குது, எங்கயாவது உட்காரலாம்’ என்று அவராவது சொல்வார். தனியாக இருக்கும்போது இன்னும் ஒரே ஒரு இடம் என்று இழுத்துக்கொண்டே போவோம். அதனால் பசிக்காகக் காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாக இருந்தால் கூட்டம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள், நல்ல இடமாகப் பார்த்து நிதானமாக உட்காரலாம்.

அருங்காட்சியகக் களைப்பு என்று தனியாகவே ஒன்று உண்டு, அதற்கு நூறு வருடத்துக்கு மேல் வயதாகிறது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் செயலராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-ல் இதைப் பற்றி எழுதினார். காட்சிப் பெட்டிகளுக்கு முன்னால் ஒருவரை நிறுத்தி, ஒவ்வொன்றையும் சரியாகப் பார்க்க அவர் எப்படியெல்லாம் குனிய வேண்டியிருக்கிறது, எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று படம் பிடித்துக் காட்டினார். குறை பெட்டிகளை வைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது என்பது அவர் வாதம், பார்க்க வருபவரை அவர் குற்றம் சொல்லவில்லை. எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எதுவும் மனதில் ஏறவில்லை என்றால் உங்களுக்கு ரசனை இல்லை என்று அர்த்தமாகாது. கழுத்தும் முதுகும் காலும் களைத்துவிட்டன, அவ்வளவுதான். உள்ளே போனதும் பார்த்தே ஆக வேண்டிய மூன்று அறைகளுக்கு முதலில் போங்கள். அப்புறம் உட்காருங்கள். மீதி இருப்பது போனஸ்.

சரி, பூட்டிய கதவுக்கு வருவோம். ஒரு முறை கொட்டும் மழையில் மூன்று ரயில் மாறி ஓர் அருங்காட்சியகத்துக்குப் போய் நின்றேன். வாராந்திர விடுமுறை. கதவில் ஒட்டியிருந்த தாளை நான்கு முறை படித்தேன், படித்தால் திறந்துவிடும் என்பது போல. அன்று முழுக்க நான் வேறு எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் என் மேல்தான். ஏனென்றால் அது இரண்டு நிமிடத்தில் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய தகவல். விடுமுறை நாள் ஊருக்கு ஊர் மட்டுமில்லை, ஒரே ஊருக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறும். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும்; ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குப் புதன், தாஜ்மகாலுக்கு வெள்ளி. மூடும் நேரத்தை மட்டும் பார்த்தாலும் போதாது, கடைசியாக உள்ளே விடும் நேரம் அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே போகும் முன் நாட்களை வைத்து ஓர் அட்டவணை போடுங்கள். எந்த நாளில் எது மூடியிருக்கும் என்பதை மட்டும் குறித்தால் போதும், எந்த நாளில் எதைப் பார்ப்பது என்பதை அங்கே போய் முடிவு செய்துகொள்ளலாம். ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில், நடக்கும் தூரத்தில் இருக்கும் இன்னோர் இடத்தையும் எழுதி வையுங்கள், முடிந்தால் திறப்பு நேரமே இல்லாத பூங்காவாகவோ ஆற்றங்கரையாகவோ இருக்கட்டும். பூட்டிய கதவுக்கு முன்னால் மழையில் நின்றுகொண்டு புதுத் திட்டம் போடக் கூடாது, அதற்காகத்தான் இது.

முன்கூட்டித் தெரிந்தாலும் தவிர்க்க முடியாதவையும் உண்டு. லண்டனில் பிக் பென் மணி இருக்கும் கோபுரத்தில் 2017-ல் தொடங்கிய பழுதுபார்ப்பு 2022 வரை நடந்தது, அதில் பெரும்பகுதிக் காலம் கோபுரம் சாரங்களுக்குள் மறைந்திருந்தது. அந்தக் காலத்தில் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அங்கே போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! சில இடங்கள் திறந்திருந்தாலும் ஏமாற்றும். மோனா லிசா ஓவியம் 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம்தான், அதுவும் கண்ணாடிக்குப் பின்னால். முன்னால் நிற்பவர்களின் தலைகளுக்கும் தூக்கிப் பிடித்த போன்களுக்கும் நடுவே தெரிந்தால் அதிர்ஷ்டம். ஆனால் அதே அறையில் எதிர்ச்சுவரில் வெரோனீஸ் வரைந்த, பைபிளில் வரும் கானா ஊர்த் திருமண விருந்து ஓவியம் இருக்கிறது. கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம், லூவ்ரிலேயே மிகப் பெரிய ஓவியம். பலர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் எதிர்பார்த்தது கைகொடுக்காத இடத்தில் உடனே வெளியே வராமல், அங்கேயே திரும்பி நின்று ஐந்து நிமிடம் பார்க்கும் வழக்கம் எனக்கு வந்துவிட்டது. தனியாக இருப்பதால் ‘போலாமா?’ என்று அவசரப்படுத்த யாருமில்லை.

வரிசை பற்றி நீங்கள் அதிகம் வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். டேவிட் மைஸ்டர் என்ற மேலாண்மை அறிஞர் 1985-ல் காத்திருப்பவர்களின் மனநிலையைப் பற்றி எழுதியதில் சில விஷயங்களைச் சொல்கிறார். சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு இன்னும் நீளமாகத் தெரியும். காரணம் சொல்லாமல் நிறுத்தி வைத்தால் அதுவும் அப்படியே. அவர் பட்டியலில் இதுவும் இருக்கிறது: கூட்டமாகக் காத்திருப்பதைவிடத் தனியாகக் காத்திருப்பது நீளமாகத் தெரியும். ஆகவே உங்களுக்கு அந்த மதியம் முடியாததாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அவர் சொன்னதை வைத்தே வழியும் கண்டுபிடிக்கலாம். முதலில், இது சரியான வரிசைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று, பாதுகாப்புச் சோதனைக்கு ஒன்று என்று பல இருக்கும். நான் தப்பான வரிசையில் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன், முன்னால் நின்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அடுத்து, கணக்குப் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் எத்தனை பேரை உள்ளே விடுகிறார்கள் என்று பாருங்கள். இருபது பேர் போகிறார்கள், உங்களுக்கு முன்னால் நூற்றிருபது பேர் என்றால் அரை மணி நேரம். தெரியாத நேரம் தெரிந்த நேரமாக மாறினாலே பாதி எரிச்சல் இறங்கிவிடும். நிற்பதற்கு முன்பே ‘நாற்பது நிமிடம் வரை நிற்பேன், அதற்கு மேல் வேண்டாம்’ என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். வைத்த வரம்பை நின்றுகொண்டே நீட்டாதீர்கள். தனி ஆளுக்கு இங்கே ஒரு லாபமும் உண்டு: விற்றுத் தீர்ந்துவிட்டது என்று பலகை தொங்கினாலும் ‘ஒரே ஒரு டிக்கெட் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். நாடக அரங்குகளிலும் வழிகாட்டியோடு போகும் சுற்றுகளிலும் ஒற்றை இடம் மிஞ்சுவது சகஜம். ஜோடியாக வந்தவர்களுக்கு அது பயன்படாது.

வழி தவறுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இதில்தான் பலர் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள், ஆனால் தப்பு பெரும்பாலும் போனில் இருக்கிறது. உயரமான கட்டடங்களுக்கு நடுவில் செயற்கைக்கோள் சிக்னல் நேராக வராமல் சுவர்களில் பட்டுத் தெறித்து வரும். அதனால் மேப்பில் இருக்கும் நீலப் புள்ளி பக்கத்துத் தெருவில் போய் நிற்கும். பக்கத்தில் இரும்பு இருந்தால் போனின் திசைகாட்டியும் குழம்பும். சுரங்க ரயிலிலிருந்து மேலே வந்த முதல் நிமிடம்தான் இருப்பதிலேயே மோசம்: எல்லோரும் வேகமாக நடக்கிறார்கள், போன் இன்னும் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் அம்புக்குறியை நம்பி நடக்கத் தொடங்குகிறீர்கள். அந்த நிமிடத்தில் நடக்காதீர்கள். சுவரோரமாக ஒதுங்கி நில்லுங்கள். தெருப் பெயர்ப் பலகை ஒன்றைக் கண்டுபிடித்து மேப்பில் அதைத் தேடுங்கள். குறுக்குத் தெருவின் பெயரும் தெரிந்தால் எந்தப் பக்கம் என்பது உறுதியாகிவிடும்.

அதைவிட நல்லது, மேலே ஏறும் முன்பே வாசல் எண்ணைத் தெரிந்துகொள்வது. டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தில் இருநூறுக்கு மேல் வாசல்கள். அங்கே ‘எப்படியாவது வெளியே போனால் போதும்’ என்று ஏறினால் நீங்கள் போக வேண்டிய இடம் நிலையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும். ரயில் வரைபடத்தையும் தூரம் காட்டும் படமாக நினைக்கக் கூடாது. லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் 1931-ல் வரைந்து 1933-ல் வெளியான வரைபடம் உண்மையான தூரங்களை விட்டுவிட்டு, நேர்கோடுகளாலும் சீரான இடைவெளிகளாலும் ஆனது. உலகின் பல நகரங்கள் பின்னால் அதே பாணியைத்தான் எடுத்துக்கொண்டன. லண்டனில் லெஸ்டர் சதுக்கம், கோவென்ட் கார்டன் என்ற இரண்டு நிலையங்களுக்கு நடுவே 300 மீட்டர்கூட இல்லை. படியிறங்கி, நடைமேடையில் காத்திருந்து, மறுபடி படியேறும் நேரத்தில் நடந்தே போய்விடலாம். இரண்டு ரயில் மாற வேண்டிய இடம் என்றால் நடை தூரத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எதிர்த் திசை ரயிலில் ஏறிவிட்டால் பதற வேண்டாம். அடுத்த நிலையத்தில் இறங்கி எதிர் நடைமேடைக்குப் போனால் போய்ச் சேரப் பத்து நிமிடம் தாமதமாகும். பதற்றத்தில் இன்னொரு லைனுக்கு மாறி ‘குறுக்கு வழி’ தேடும்போதுதான் அது அரை மணி நேரமாகிறது.

போன் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேப்பை இணையம் இல்லாமலும் திறக்கும்படி முன்பே இறக்கி வையுங்கள், பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள், தங்கும் இடத்தின் முகவரியை அந்த ஊர் எழுத்திலேயே ஒரு தாளில் எழுதி பர்ஸில் வையுங்கள். அந்தத் தாள் இருந்தால் சார்ஜ் தீர்ந்தாலும் வீடு திரும்பலாம். உங்களுக்கு மூன்றாம் நாள் வந்த பயம் பாதிக்கு மேல் அதனால் வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

மனிதர்களால் வரும் எரிச்சலை மட்டும் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். கவுண்டரில் ஒருவர் சிடுசிடுத்தார், யாரோ இடித்துவிட்டுப் போனார், டாக்சிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்பதெல்லாம் எரிச்சல். அதற்கென்று மொத்தச் செலவில் ஒரு சிறு பங்கை முன்பே ஒதுக்கி வைத்துவிடுங்கள். தப்பு டிக்கெட், கூடுதல் வாடகை, மறந்துபோன குடை எல்லாம் அந்தக் கணக்கில் போகட்டும். அப்படி ஒதுக்கிய பிறகு அந்தப் பணம் போகும்போது மனம் சுருக்கென்று ஆவதில்லை. ஆனால் ஒருவர் பின்னாலேயே வருகிறார், வேண்டாம் என்ற பிறகும் விடாமல் கையைப் பிடிக்கிறார், ஆளில்லாத இடத்துக்கு அழைக்கிறார் என்றால் அது எரிச்சல் கணக்கில் வராது. அங்கே மரியாதை பார்க்க வேண்டாம், பொறுத்துப்போகவும் வேண்டாம். உடனே வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் கடைக்குள் நுழைந்து உதவி கேளுங்கள். வழி கேட்பதற்கும் நான் வைத்திருக்கும் வழக்கம் இதுதான்: தானாக வந்து உதவுகிறேன் என்பவரைவிட, வேலையாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவரை நானே போய்க் கேட்பேன்.

இனி மாலை நேரம். தனியாகச் சுற்றுபவர்களுக்கு இருப்பதிலேயே கனமான நேரம் நான்கிலிருந்து ஆறு மணி வரை. இடங்கள் மூடத் தொடங்கும், கால் வலிக்கும், மற்றவர்கள் எல்லோரும் யாரையோ பார்க்கப் போவது போலத் தெரியும். அந்த நேரத்தில் புதிய இடம் எதையும் வைக்காதீர்கள். அறைக்குத் திரும்பி, முகம் கழுவி, அரை மணி நேரம் படுங்கள். அது வீணான நேரம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன், இப்போது அந்த அரை மணி நேரம் இல்லாமல் நான் எந்த நாளையும் திட்டமிடுவதில்லை.

அப்புறம், நாளின் கடைசியில் நிச்சயமாக நன்றாக இருக்கும் ஒன்றை வையுங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. உளவியல் அறிஞர் டேனியல் கானமனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1993-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு முறை கையை 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி வைக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 விநாடி, அதோடு கூடுதலாக 30 விநாடி, ஆனால் அந்த முப்பது விநாடியில் நீர் மெல்ல 15 டிகிரி வரை ஏறும். எதை மறுபடி செய்ய விருப்பம் என்று கேட்டபோது பெரும்பாலானோர் நீளமானதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால் மொத்தமும் அவ்வளவு மோசமாக நினைவில் நிற்கவில்லை. பயண நாளும் அப்படித்தான் என்பது என் அனுபவம். வரிசையில் போன மதியத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆனால் இரவு விளக்குகள் ஏற்றிய பாலத்தின் மேல் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் தூங்கப் போகலாம். நேற்று பிடித்துப்போன அதே இடத்துக்கு மறுபடி போகலாம். புதிதாக எதையும் முடிவு செய்யத் தேவையில்லாத ஒன்றாக அது இருக்க வேண்டும்.

எரிச்சலை இறக்கி வைப்பது என்று முதலில் சொன்னேனே, அதற்கு நான் செய்வது எளிது. தூங்கும் முன் அன்று கடுப்பேற்றியவற்றை ஒரு தோழிக்குக் குரல் பதிவாக அனுப்புவேன். அவள் பதில் சொல்ல வேண்டும் என்பதில்லை, கேட்டால் போதும் என்று முன்பே சொல்லி வைத்திருக்கிறேன். பேசத் தொடங்கும்போது புகாராக இருப்பது, நான்காவது நிமிடத்தில் எனக்கே கதையாகக் கேட்கத் தொடங்கும். பேச ஆளில்லாத நாளில் நோட்டில் எழுதுவேன். எழுதும்போது ‘மோசமான நாள்’ என்று மொத்தமாக எழுதாமல், கதவு பூட்டியிருந்தது, மழையில் சாக்ஸ் நனைந்தது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். தாளில் எண்ணிப் பார்த்தால் நான்கு வரிதான் இருக்கும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஊர் திரும்பி வாரக்கணக்கான பிறகும் அதே வெறுமையும் அழுகையும் தொடர்ந்தால் அது பயணத்தின் களைப்பாக இருக்காது. தயங்காமல் ஒரு மருத்துவரிடம் பேசுங்கள்.

அடுத்த மாதப் பயணத்துக்கு இப்படிச் செய்யலாம். போய்ச் சேரும் நாளில் டிக்கெட் வாங்க வேண்டிய எதையும் வைக்காதீர்கள். தங்கும் இடத்தைச் சுற்றி நடந்து, ரயில் நிலைய வாசலையும் தண்ணீர் கிடைக்கும் கடையையும் தெரிந்துகொண்டால் போதும். மற்ற நாட்களில் காலையில் ஓர் இடத்தை மட்டும் முன்பதிவு செய்யுங்கள், மதியத்தை அப்படியே விடுங்கள். மூன்றாம் நாளை முழுக்கக் காலியாக வையுங்கள். அந்த ஊரில் நீங்கள் பார்த்தே ஆக வேண்டும் என்று நினைக்கும் இரண்டு இடங்கள் எவை என்று எனக்கு எழுதுங்கள். அவை என்றைக்கு மூடியிருக்கும், எந்த நேரத்தில் கூட்டம் குறைவு, எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று கிளம்பும் முன் சேர்ந்தே பார்த்துவிடலாம்.